ஒரே குண்டூசியில் இரண்டு பேர்

பெர்மிட் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, "மேடம், இந்த வேலைல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது எது?" என்று கேட்டீர்கள். வெப்சைட் தொங்கிப் போவதைப் பற்றி ஏதோ சொல்லி, காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சொன்னது பொய் இல்லை, ஆனால் அது பதிலும் இல்லை. பதிலை எழுதித்தான் தர முடியும். நேரில் என்றால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

புதுச்சேரியில் மருந்துக்கும் ஒரு மலை கிடையாது. கோரிமேட்டில் பஸ் லேசாக மூச்சு வாங்குவதையே மேடு என்று சொல்கிற ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில், மிஷன் வீதியை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டுக்கொண்டு, மேற்கே மலைமேல் இருக்கும் ஏரிகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்க வேண்டுமானால் வனத்துறை அனுமதி வேண்டும். அதை வாங்கித் தருவது என் வேலை. அந்த ஏரிகளில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. முட்டிவலிக்காரிக்குப் படம் போதும்.

படிவம் நிரப்புவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். நான் சொல்தா வீட்டுப் பெண். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் ஒரு தாளில் எழுதி, முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். அப்பா எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார், நான் "உயிருடன் உள்ளார்" என்று எழுதுவேன். தாளில் இருந்தால்தான் ஆள் இருக்கிறான் என்பது அப்போதே எனக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் வினை.

நான் சொல்லப்போகும் ஏரிக்கு ஒரு விதி இருந்தது. ஆறு பேருக்குக் குறைந்த குழுவுக்கு இரவு தங்க அனுமதி இல்லை. நம்மிடம் வருகிறவர்களோ மூன்று பேர், நான்கு பேர் என்றுதான் வருவார்கள். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி வைத்திருந்தோம். பழைய ஃபைலில் இருந்து இரண்டு ஆதார் ஜெராக்ஸை உருவி, அந்தப் பெயர்களையும் சேர்த்து ஆறாக்கி அனுப்பிவிடுவோம். அவர்களுக்கு "ஒப்புக்குச் சப்பாணி" என்று பெயர். வனத்துறை கேட்டில் போய் நிற்கும்போது குழுத்தலைவர், "ரெண்டு பேருக்குக் காய்ச்சல், வரல" என்று சொல்லிவிடுவார். கையில் பெர்மிட் வந்துவிட்டால் நான்கு பேரையும் உள்ளே விடுவார்கள். எல்லா ஆபீசிலும் நடந்ததுதான், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் அது தப்பு என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அந்த முறை வந்தவர்கள் நான்கு பேர், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இன்ஜினியர்கள். டிராயரைத் திறந்தேன். ஒரே குண்டூசியில் இரண்டு ஜெராக்ஸ் குத்தியிருந்தது மேலேயே கிடைத்தது. அருளப்பன், அவர் மனைவி ஜெசிந்தா. அருளப்பன் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நம்மூர் மேட்டுப்பாளையம், ஊட்டி அடிவாரத்து மேட்டுப்பாளையம் அல்ல. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அந்த ஏரிக்குப் போக ஆசைப்பட்டு, முன்பு ஒருமுறை என்னிடம் பதிவு செய்திருந்தார்கள். பிறகு அவர் மட்டும் வந்து, "அவளுக்கு உடம்பு முடியல மேடம். பேப்பர் இருக்கட்டும், அடுத்த வருசம் கண்டிப்பா போவோம்" என்று ரத்து செய்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஆள் வரவில்லை. எனக்கும் விசாரிக்கத் தோன்றவில்லை.

வழக்கமாகச் சப்பாணிகளின் பெயருக்கு எதிரே என் செல்போன் எண்ணைத்தான் போடுவேன். அந்த வருடம்தான் வெப்சைட்டை மாற்றியிருந்தார்கள். ஒரே எண்ணை இரண்டாவது முறை போட்டால் சிவப்பாகக் கத்தியது. எனக்கோ அவசரம். ஃபைலில் இருந்த அவர் எண்ணையும் அந்த அம்மாள் எண்ணையும் அப்படியே தட்டிவிட்டேன். பெர்மிட் வந்தது. சாயங்காலம் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

குழு மலையேறிய அன்று மதியம் மூன்று மணிக்கு, வழக்கம்போல் கேட்டில் காவலுக்கு இருக்கும் கார்டு போன் செய்தார். உள்ளே போன கணக்கைச் சொல்வதற்காகத்தான்.

"ஆறு பேருங்க மேடம். கணக்கு டேலிங்க."

"நாலு பேருதானே?" என்றேன்.

"இல்லீங்க, ஆறு. காலைல நாலு பேரு வந்து, ரெண்டு பேருக்குக் காய்ச்சல்னாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அந்த ரெண்டு பேரும் வந்துட்டாங்க. காய்ச்சல் சரியாப் போச்சு போல."

பட்டியலில் கடைசி இரண்டு பெயர்களை நான் போட்டது எனக்கும் குழுத்தலைவருக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயர்களில் ஆள் எப்படி வரும்?

"யாரு வந்தாங்க? நீங்க பாத்தீங்களா?"

"ஒரு பெரியவருங்க. ஆதார் காட்டுனாரு, பேரு சரியா இருந்துச்சு. சம்சாரம் பின்னாடி வர்றாங்கன்னாரு. ரெண்டு பேருக்கும் டிக் போட்டேன்."

"சரி, அந்த அம்மா வந்தாங்களா?"

"டீக்குத் தண்ணி வெச்சுக்கிட்டு உள்ள இருந்தேங்க. கேட் சத்தம் ரெண்டு தடவை கேட்டுச்சு. வந்திருப்பாங்க."

அருளப்பன் எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஜெசிந்தா எண்ணுக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பெண் குரல். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆக, அம்மாள் வீட்டில்தான் இருக்கிறார், கேட்டில் ஏதோ குளறுபடி என்று நினைத்துக்கொண்டு, "அம்மா, நல்லவேளை நீங்க வீட்ல இருக்கீங்க" என்று சிரித்தேன்.

"நீங்க யாரு? நான் அவங்க பொண்ணு. அம்மா செத்துப் போயி ரெண்டு வருசம் ஆவுதுங்க" என்றாள்.

அவள் பெயர் மரியா. அழவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினாள். அம்மாவின் போனை அப்பா இரண்டு வருடமாகத் தினமும் சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாராம். நாலைந்து நாளைக்கு முன்னால் அது சத்தம் போட்டதாம். அப்பா எடுத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாராம். அவள் இப்போதுதான் அதைத் திறந்து படித்தாளாம். எனக்கும் படித்துக் காட்டினாள். "ஜெசிந்தா அவர்களுக்கு ஏரிக்கரையில் இரவு தங்க அனுமதி வழங்கப்பட்டுள்ளது." தேதி, கேட், வர வேண்டிய நேரம் எல்லாம் இருந்தது.

"அப்பா ஒண்ணுமே சொல்லலீங்க. நேத்து சாயங்காலம் ஒரு பையைத் தூக்கிக்கினு, ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன்னு போனாரு. இப்ப பாக்கறேன், அம்மாவோட கம்பளி சொட்டர் இல்ல. மெரூன் கலரு. அதையும் எடுத்துக்கினு போயிருக்காரு. மேடம், அம்மாவுக்கு யாரு மெசேஜ் அனுப்பினது?"

"பாத்துச் சொல்றேம்மா, பயப்படாதீங்க" என்று வைத்துவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் உங்களுக்கு முக்கியம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நான் உடனே வனத்துறைக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. முதலாளிக்குச் செய்தேன். அவர், "ஆறு போயிருக்கு, ஆறுன்னு எழுதியிருக்கு. விடுங்க மேடம். நாளைக்கு அந்தாளு அவங்களோட இறங்கி வந்துடுவாரு. நீங்களா வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு வேண்டிய பதிலாகவே இருந்தது. ஒரு டீ வரவழைத்துக் குடித்தேன். பொய்ப் பெயர் போட்டது தெரிந்தால் ஆபீசுக்குத் தடை, எனக்கு வேலை போகும், பெயரும் கெடும். இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன். ஒரு வயதான மனிதர் தனியாக, கூடாரம்கூட இல்லாமல், செத்துப்போன மனைவிக்கு வந்த அனுமதியை நம்பி மலையேறிக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அப்படி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மேசையில் அந்த இரண்டு ஜெராக்ஸும் இருந்தன. ஜெசிந்தாவின் படத்தைப் பார்க்க முடியாமல் ஸ்டேப்ளரை அதன்மேல் வைத்தேன். வெளியே சந்தில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனாள், யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வழக்கம்போல இருந்தது, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மரியா மறுபடி அடித்தாள். "மேடம், அப்பா மருந்து டப்பாவ வெச்சிட்டுப் போயிருக்காரு. வீட்டுச் சாவியும் சாமி படத்துக்கிட்ட இருக்குது. அவரு சாவி இல்லாம தெருமுனைக்குக்கூடப் போவ மாட்டாரு."

சாவியை வைத்துவிட்டுப் போகிறவர் திரும்பி வரும் எண்ணத்தில் போகவில்லை. அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரேஞ்சர் ஆபீசுக்கு அடித்து, குழுவில் இருக்கும் பெரியவர் பத்திரமாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன்.

ரேஞ்சர் பொறுமையான மனிதர். ஏரிக்கரையில் ஒரு வாட்சர் இருப்பார், அவரிடம் வயர்லெஸ்ஸில் கேட்கிறேன் என்று சொல்லி, என்னையும் லைனில் வைத்துக்கொண்டார். கரகரப்புக்கு நடுவே வாட்சரின் குரல் எனக்கே கேட்டது.

"நாலு பேரு அந்தப் பக்கம் டென்ட் போட்டிருக்காங்கய்யா. ஒரு வயசான ஜோடி இந்தப் பக்கம் கரையோரமா உக்காந்திருக்காங்க."

"ஜோடியா?"

"ஆமாங்கய்யா. ரெண்டு பேரு. மத்தியானத்துல இருந்து அங்கதான் இருக்காங்க. பேசிக்கிட்டு இருக்காங்க, நான் தொந்தரவு பண்ணல."

ரேஞ்சர் என்னிடம், "கேட்டீங்களா மேடம்? ரெண்டு பேரும் பத்திரமா இருக்காங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, ஷெட்டுக்கு வரச் சொல்லிடறேன். வேற ஒண்ணும் இல்லியே?" என்றார்.

வேற ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். கணக்கும் சரியாக இருந்தது, சாட்சியும் இருந்தது. சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களை அவசரமாக ஓடிப்போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது. தனியாக உட்கார்ந்திருக்கிறவர் என்றால் ஓடுவார்கள்.

"சார், அந்த அம்மா உயிரோட இல்ல" என்றேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே இறந்துட்டாங்க. அந்த ரெண்டு பேரையும் எண்ணிக்கைக்காக நான்தான் போட்டேன். மெசேஜைப் பாத்துட்டு அவரு தனியா வந்திருக்காரு. வீட்டுச் சாவியைக்கூட வெச்சிட்டு வந்திருக்காரு."

ரேஞ்சர் என்னைத் திட்டவில்லை. வயர்லெஸ்ஸில் மட்டும், "இப்ப பாரு. எத்தனை பேரு?" என்றார்.

"ரெண்டுங்கய்யா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"மூடுபனி இறங்குதுங்கய்யா. ஆனா ரெண்டு பேருதான். அந்தம்மா சேப்புச் சொட்டர் போட்டிருக்காங்க."

மெரூன் கலரு என்று மரியா சொன்னது என் காதுக்குள் இருந்தது. ஆபீசில் என்னைத் தவிர யாரும் இல்லை. எழுந்து கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"கிட்டப் போ. ஓடு. நாலு பேரையும் கூப்பிட்டுக்க" என்றார் ரேஞ்சர்.

எத்தனை நிமிடம் என்று தெரியாது. வயர்லெஸ்ஸில் ஆள் ஓடும் சத்தம், மழைச் சத்தம். பிறகு வாட்சரின் குரல் வந்தது, இந்த முறை வேறு மாதிரி.

"ஒருத்தருதாங்கய்யா இருக்காரு. முட்டிவரைக்கும் தண்ணில காலை விட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. எந்திரிக்க முடியல. கை காலெல்லாம் வெறைச்சுப் போச்சு. பக்கத்துப் பாறையில பைமேல சொட்டரைப் போர்த்தி வெச்சிருக்காருங்க."

"அதைத்தான் நீ பாத்திருக்க" என்றார் ரேஞ்சர்.

"இருக்கலாங்கய்யா." வாட்சருக்கு மூச்சு வாங்கியது. "ஆனா அது தலையைத் திருப்பி என்னப் பாத்துச்சுங்க."

"முதல்ல அவரைத் தூக்கு" என்றார் ரேஞ்சர்.

அந்த நான்கு பேரும் அருளப்பனைத் தூக்கிக்கொண்டு போய், கூடாரத்துக்குள் போட்டு, ஈரத்துணியை மாற்றி, தங்கள் போர்வைகளை எல்லாம் சுற்றி, வெந்நீரை வாயில் ஊற்றிக் காப்பாற்றினார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் பிரயோஜனம் இருந்திருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னாராம். அரை மணி என்று கேட்டபோது, நான் டீ குடித்த முக்கால் மணி நேரம் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்து போகவில்லை.

எங்கள் ஆபீசுக்கு அந்த சீசன் முழுக்க அனுமதியை நிறுத்தினார்கள். முதலாளி ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை மட்டும் தப்பியது. சப்பாணிப் பெயர் போடுவதை அன்றோடு விட்டேன். பிள்ளைகளே, நீங்கள் ஒரு பெயரைத் தட்டும்போது அந்த ஆள் கிளம்பி வருவார் என்று நினைத்துத் தட்டுங்கள். வராவிட்டால் நஷ்டமில்லை. வந்தால் அவருக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இதோடு முடிந்திருந்தால் இதை நேரிலேயே சொல்லியிருப்பேன்.

உள்ளே போனது ஆறு, வெளியே வந்தது ஐந்து என்று கேட் நோட்டில் இருந்ததல்லவா, அதைச் சரிசெய்ய வனத்துறை ஒரு வாக்குமூலம் கேட்டது. ஜெசிந்தா என்பவர் உள்ளே செல்லவில்லை என்று நான் எழுதி, அருளப்பனும் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே வாட்சர் எழுதிக் கொடுத்த அறிக்கையின் நகலையும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். கோணல் கையெழுத்தில், "நான் பார்த்தது இருவர். ஆணும் பெண்ணும். பேசிக்கொண்டு இருந்தார்கள்" என்று எழுதியிருந்தார். ரேஞ்சர் அதை மாற்றச் சொல்லியும் அந்த மனிதர் மாற்றவில்லையாம்.

மூன்று வாரம் கழித்து அருளப்பன் ஆபீசுக்கு வந்தார். மெலிந்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. வாட்சரின் தாளை டிராயரில் போட்டு மூடினேன். திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"சார், உங்க பேரை எடுத்துப் போட்டது நான்தான். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"எங்க ரெண்டு பேரையும் சேத்து எடுக்கணும்னு எப்படி உங்களுக்குத் தோணுச்சு?"

"ஒரே குண்டூசில இருந்துது சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். வாக்குமூலத்தை வாசித்தார். பேனாவைத் திறந்தார், போடவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த வாட்சரு தூரத்துலேர்ந்து பாத்துக்கினே இருந்தாராமே. டென்ட்ல அந்தப் பசங்க என்னமோ காதோட காதா பேசிக்கினாங்க. என்னப் பாத்ததும் நிறுத்திட்டாங்க. அவரு எத்தினி பேரைப் பாத்தாராம்?"

பொய்யே எழுத மாட்டேன் என்று மாதாவிடம் சத்தியம் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. 'இரண்டு' என்று சொன்னால் இந்த மனிதர் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவார். இந்த முறை பெர்மிட்டுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்.

"ஒருத்தரைத்தான் பாத்தாராம் சார்" என்றேன். "நீங்க மட்டும் தனியா உக்காந்திருந்தீங்களாம்."

அவர் கையெழுத்துப் போட்டார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. பேனாவை மூடிவிட்டு, "எனக்கும் அப்படித்தான் மேடம்" என்றார். "அவ வருவான்னு நாள் பூரா பேசிக்கினே உக்காந்திருந்தேன். வரவே இல்ல. யாரு கண்ணுக்காவது பட்டிருப்பாளோன்னுதான் கேட்டேன்."

டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் அந்தத் தாள். அதைப் பார்த்தால் இந்த மனிதருக்கு உலகத்திலேயே வேறு எதுவும் வேண்டியிருக்காது. நான் கையை நீட்டவில்லை. அவர் எழுந்து, கும்பிட்டுவிட்டு, வாசற்படி இறங்கிப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதைக் கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. சரியாகச் செய்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை. இதற்கு உங்களுக்குச் சொல்ல என்னிடம் பாடம் எதுவும் இல்லை.

அருளப்பன் அதன் பிறகு பல வருடம் இருந்தார். மரியாவின் மகளுக்குக் கோயிலில் புதுநன்மை கொடுத்த விசேஷத்துக்கு என்னையும் கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். போன மாதம் சொந்தக் கட்டிலில், தூக்கத்திலேயே போய்விட்டார். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் மரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா கடைசி வரைக்கும் உங்களைப் பத்திச் சொல்லிக்கினே இருந்தாரு மேடம். அம்மா அங்க இல்லன்னு நீங்க சொன்னப்பறம்தான் நெசமாவே வீட்டுக்கு வந்தேன்னு சொன்னாரு" என்றாள்.